நேரான குழாயா, கிளை பிரியும் இடமா?

உடம்பெங்கும் ஓடுவது ஒரே ரத்தம்தான். ஆனாலும் இதயத் தமனியில் கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரேபோல் படிவதில்லை.

நேரான பகுதியில் ரத்தம் சுவரைச் சீராக உரசிப் போகிறது. அங்கே உட்சுவர் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு, ஒழுங்காகப் படுத்திருக்கும். நைட்ரிக் ஆக்சைடு சுரந்து சுவரைக் காக்கும்.

இடது முதன்மைத் தமனி பிரியும் கவையில், கிளைகள் பிரியும் முனைக்கு எதிரே உள்ள வெளிப்பக்கச் சுவரில் கதையே வேறு. ரத்தம் தயங்கி முன்னும் பின்னும் அலையும். உராய்வுத் தகைவு (சுவரின் பரப்பளவு அலகுக்கு ரத்தம் உரசும் விசை) 0.4 பாஸ்கலுக்கும் கீழே இறங்கலாம். செல்கள் கூழாங்கல் பரப்பியதுபோல் திசையில்லாமல் கிடக்கும், எல்டிஎல் என்ற ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் எளிதாக உள்ளே நுழையும். படிவு பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான்.

அதிக உராய்வே செல்களைச் சிதைக்கிறது என்று 1968-இல் ஆய்வாளர் ஃப்ரை சொன்னார். குறைந்த உராய்வுதான் படிவுக்குக் காரணம் என்றார் இன்னொரு ஆய்வாளர் கேரோ, மறு வருடமே. தொடக்கத்தைப் பொறுத்தவரை கேரோ சொன்னதுதான் சரி என்பேன். அப்புறம் படிவு வளர்ந்து குழாய் குறுகினால், அந்தக் குறுகலில் உராய்வு எகிறும். அது படிவை மூடியிருக்கும் நார்ப்படலத்தைப் பலவீனமாக்கலாம்.