ஒரே பெயர், இரண்டு பாடங்கள்: டெக்சாஸில் இணையவழி கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கச் சேருவோர் கவனத்திற்கு

டெக்சாஸில் வசிக்கும் நான், இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, ஒரு கம்யூனிட்டி காலேஜில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரி) இணையவழியாக கிரிமினல் ஜஸ்டிஸ், அதாவது காவல், நீதிமன்றம், சிறை பற்றிய குற்றவியல் நீதிப் படிப்பு படித்து 60 கிரெடிட்டுகளை (பாடங்களுக்கான மதிப்பு அலகுகள்) முடித்தேன். அதே துறையில் இளங்கலை முடிப்பதற்காக அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விண்ணப்பித்தபோது, அவர்கள் ஏற்றுக்கொண்டவை வெறும் 27.

நன்னடத்தை அலுவலர் (நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுபவர்களை மேற்பார்க்கும் 'புரொபேஷன் ஆபீசர்') ஆக வேண்டும் என்பதே என் விருப்பம். அந்த வேலைக்கு இம்மாநிலத்தில் இளங்கலைப் பட்டம் கட்டாயம். சேரும்போதே இதை ஆலோசகரிடம் தொலைபேசியில் விளக்கினேன். "எல்லா கிரெடிட்டும் அப்படியே மாறிவிடும், கவலைப்படாதீர்கள்" என்று உறுதியளித்தவர், என்னை 'அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்' என்ற இரண்டாண்டுப் பட்டப் பிரிவில் சேர்த்துவிட்டார். அது படித்து முடித்ததும் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கான பட்டம் என்பதும், மேற்படிப்பை நினைப்பவர்கள் 'அப்ளைடு' என்ற சொல் இல்லாத அசோசியேட் பட்டத்தையே கேட்டு வாங்க வேண்டும் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

பல்கலைக்கழகம் அனுப்பிய மதிப்பீட்டுத் தாளில் முதல் வரியே என்னைத் திகைக்க வைத்தது. 'கிரிமினல் ஜஸ்டிஸ் அறிமுகம்' என்ற பாடத்தில் நான் 'ஏ' வாங்கியிருந்தேன். அதற்கு எதிரே பூஜ்யம். அதே தலைப்பில் டெக்சாஸில் இரண்டு பாடங்கள் உண்டு. 'சிஆர்ஐஜே 1301' என்பது பல்கலைக்கழகங்களுக்கு மாற்றத்தக்க கல்விசார் பாடம். நான் படித்த 'சிஜேஎஸ்ஏ 1322' தொழிற்பயிற்சி வகை. இரண்டுக்கும் 3 கிரெடிட்தான். முன்னால் நிற்கும் நான்கு எழுத்துகளை யார் உற்றுப் பார்ப்பார்கள்? இளங்கலைக்குத் தேவையான 42 கிரெடிட் பொதுப்பாடத் தொகுதியிலும் எனக்கு 15 மட்டுமே சேர்ந்திருந்தது. அரசியல், வரலாறு ஆகியவற்றில் பாதிக்கு மேல் என் பாடத்திட்டத்திலேயே இல்லை.

கல்லூரிக்கு எழுதிய புகாருக்கு இரண்டே வரியில் பதில் வந்தது: விவரங்கள் அனைத்தும் கையேட்டில் உள்ளன, தொலைபேசி உரையாடலுக்குப் பதிவு எதுவும் இல்லை. கையேட்டில் இருந்தது உண்மைதான் என்பதால் மேலும் வாதாட வழியில்லை. ஆகவே, வாய்மொழி உறுதியை நம்பாமல், பட்டத்தின் முழுப் பெயரையும் ஒவ்வொரு பாடத்தின் எண்ணையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலைச் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, எந்தெந்தப் பாடங்களின் கிரெடிட்டை ஏற்பார்கள் என்று அவர்களிடமே எழுத்தில் பெற்ற பிறகு பணம் கட்டுங்கள்.

காவல்துறைக்குப் போக நினைப்பவர்களுக்கும் ஒன்று: இந்தப் பட்டம் காவலர் உரிமம் ஆகாது. அதற்குத் தனிப் பயிற்சிக் கூடமும் மாநிலத் தேர்வும் உண்டு. பொதுவாக அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும் என்பதால், கிரீன் கார்டில் இருப்பவர்கள் முதலில் அதை விசாரிப்பது நல்லது.

வரும் ஆகஸ்டில், ஏற்கெனவே 'ஏ' வாங்கிய அந்த அறிமுகப் பாடத்துக்கு மறுபடியும் கட்டணம் கட்டிச் சேருகிறேன்.