நயினாதீவு: தனியாகப் போக நல்ல இடம், படகைத் தவிர

யாழ்ப்பாணத்துக்கு வேலையாக வந்து ஒரு நாள் மிஞ்சினால் யோசிக்காமல் நயினாதீவுக்குப் போய் வாருங்கள். வாகனம் பிடிக்கத் தேவையில்லை, துணைக்கு ஆளும் தேவையில்லை. பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ்ஸில் ஏறினால் கடைசியில் இறங்குவது தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். யன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கடல், ஒற்றை ரோடு.

குறை என்றால் படகைத்தான் சொல்வேன். கீழ்த்தட்டுக்குக் குனிந்து இறங்க வேண்டும். பலகையில் நெருக்கி உட்கார வைத்தார்கள். காற்று இல்லை, டீசல் மணம் வேறு. உயிர்காப்பு அங்கி தந்தார்கள், ஆனால் எனக்குக் கிடைத்ததில் கட்டுகிற நாடா ஒன்று அறுந்திருந்தது. காட்டினேன். "இருபது நிமிசம்தானே அக்கா" என்றான் படகுப் பொடியன். காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிற எனக்கு இது எப்படி இறங்கும்? படகுக்கு ஐந்துக்கு இரண்டு. திரும்பும்போது முந்தி ஏறி, மேலே படகோட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அப்புறம், நெடுந்தீவுப் படகும் அதே துறையில்தான் நிற்கும், கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நாகபூசணி அம்மன் கோயிலின் 108 அடி ராஜகோபுரம் கடலிலேயே கண்ணில் பட்டுவிடும். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். மத்தியானப் பூசைக்கு நின்றேன். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்களும், கிடைத்த பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். தவில் சத்தத்தில் அந்தக் குழந்தைகள் அசையாமல் தூங்குவதுதான் அதிசயம்.

இங்கே தவறவிடக் கூடாத இன்னொன்று, முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டு. பொலன்னறுவை அரசன் ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டு வணிகருக்காகத் தமிழில் வெட்டுவித்தது. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. நட்ட ஈட்டுக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதை விட்டு நகர மனம் வருமா? யானை வணிகனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சலுகை என்று அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அரசனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் வேண்டும், அவன் வராமல் விட்டால் யாருக்கு நட்டம்?

சாப்பாடு அன்னதான மண்டபத்தில். மண்டபத்தின் பெயரே அமுதசுரபி. மணிமேகலைக்கு அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று பலர் சொல்கிறார்கள். தனியாகக் கடையில் சாப்பிடக் கூச்சப்படுகிறவர்களுக்கு இந்தப் பந்தி பெரிய நிம்மதி. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். பக்கத்தில் இருந்த அம்மா, "பிள்ளை தனியவோ வந்தனீங்கள்? வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி, பரிமாறுகிறவரை என் பக்கம் திருப்பிவிட்டார். ஐந்துக்கு ஐந்து. உண்டியலில் இயன்றதைப் போடுங்கள்.

நாகவிகாரை அங்கிருந்து கொஞ்ச நேர நடை. நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகச் சண்டை பிடித்தபோது புத்தர் வந்து சமாதானம் செய்த இடம் என்று சிங்கள பௌத்தர்கள் வருகிறார்கள். மணிமேகலையிலும் இதே சண்டை வருகிறது. விகாரை சுத்தமாக, நிழலாக இருந்தது. கால் மணி நேரம் போதும்.

பூரணை நாளிலும் சனி, ஞாயிறிலும் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும். கோயில் திருவிழா 16 நாளும் அப்படித்தான், படகு வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். வார நாளில், வெயில் ஏறுமுன் போங்கள். குடை கட்டாயம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தீவில் இறங்கும்போதே கேட்டு வையுங்கள். கரைக்கு வந்த பிறகு யாழ்ப்பாணம் திரும்ப பஸ்ஸும் இருக்க வேண்டுமல்லவா?