சிங்கர் ஃபெதர்வெயிட் 221: ஒம்பது வருஷமா இதுலதான் குவில்ட் தைக்கிறேன்

2016-ல நான் இந்த தையல் மெஷின வாங்கினப்போ அதுக்கு வயசு 65. குவில்ட்னா துண்டு துணிகள சேர்த்து தைச்சு, நடுவுல பஞ்சு, அடியில துணின்னு மூணு அடுக்கா போடற போர்வை. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல எங்க குவில்ட் கில்டுல, அதாவது குவில்ட் தைக்கிறவங்க சங்கத்துல இருந்த ஒரு பாட்டி வீட்ட காலி பண்ணிட்டு மக கூட போய் இருக்கப் போறாங்கன்னு சாமான ஒவ்வொண்ணா எல்லாருக்கும் குடுத்துட்டு இருந்தாங்க. மெஷின மட்டும் யார் கேட்டும் தரல, அலமாரில அழகுக்கு வைக்கிறவங்களுக்கு கிடையாது, தைக்கிறவங்களுக்குத்தான்னு பிடிவாதமா சொல்லிட்டாங்க. நான் அப்போ கில்டுல சேர்ந்து ஆறு மாசம்தான், ஆனா ஒரு மீட்டிங்க கூட விட்டதில்ல. ஒருநாள் அவங்களே கூப்பிட்டு உக்கார வச்சு நாலு துண்டு துணிய குடுத்து தைக்கச் சொன்னாங்க, பாத்துட்டு 350 டாலருக்கு குடுத்தாங்க. கருப்புப் பெட்டி, அதுக்குள்ள மெஷின், பெட்டி மூடியில ஒரு பழைய பேப்பர், அதுல அவங்க தைச்ச குவில்ட் ஒவ்வொண்ணும் யாருக்குன்னு பென்சில்ல எழுதியிருந்தாங்க. அத எடுக்காம அப்படியே வச்சிருக்கேன், கீழ நானும் எழுதிட்டு வர்றேன்.

மெஷின் பத்தி முதல்ல. இந்த மாடல் 1933-ல வந்தது, 1960-கள் கடைசி வரைக்கும் தயாரிச்சாங்க. என்னோடது 1951, முன்னாடி இருக்கற பேட்ஜ்ல நீலக் கரை போட்டு 1851, 1951-னு ரெண்டு வருஷமும் இருக்கும், கம்பெனிக்கு நூறு வருஷம் ஆனதுக்கு போட்டது. உடம்பு முழுக்க அலுமினியம், மொத்தமே 11 பவுண்டு, அதாவது 5 கிலோ. நம்ம ஊர் இரும்பு சிங்கர் தலைய ஒரு தடவ தூக்கிப் பாத்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். இடது பக்கம் இருக்கற பலகைய மேல மடக்கிட்டு பெட்டிக்குள்ள வச்சு ஒரு கையில தூக்கிட்டு போயிடலாம். குவில்ட் போடறவங்க இத கொண்டாடறதுக்கு பாதி காரணம் இந்த வெயிட்தான். ஏன்னா குவில்டிங் வீட்டுல தனியா உக்காந்து மட்டும் செய்யற வேலை இல்ல, மாசம் ஒரு நாள் சர்ச் ஹால்ல எல்லாரும் மெஷினோட வந்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தைப்போம், வருஷத்துக்கு ஒரு தடவ மூணு நாள் வெளியூர் போய் தைப்போம்.

நேர் தையல் மட்டும்தான் வரும். ஜிக்ஜாக் கிடையாது, பூத்தையல் கிடையாது. பின்னாடி போறதுக்கு லீவர் இருக்கு. ஆனா அந்த நேர் தையல் இருக்கே, மேல பாத்தாலும் அடியில பாத்தாலும் ஒரே மாதிரி, ஒரு தையல் கூட விடாது.

கால் இன்ச் பத்தி சொல்லியே ஆகணும், குவில்ட்ல எல்லாமே அதுலதான் நிக்குது. ரெண்டு துண்ட ஜாயிண்ட் அடிக்கும்போது ஓரத்துல விடற துணி கால் இன்ச், பிளவுஸ்ல விடற மாதிரி முன்னப்பின்ன விட்டா இங்க ஆகாது. ஒரு வரிசையில 16 துண்டு இருக்குன்னு வைங்க, நடுவுல 15 ஜாயிண்ட், ஒவ்வொண்ணுலயும் நூலளவு, ஒரு இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு கூட போனா ரெண்டு பக்கத் துணியிலயும் சேர்த்து எட்டுல ஒரு பங்கு போயிடும், வரிசை முடியும்போது கிட்டத்தட்ட 2 இன்ச் காணாம போயிருக்கும், பக்கத்து வரிசையோட சேராது, இழுத்துப் பிடிச்சு தைச்சா நடுவுல உப்பிக்கும். அதுலயும் மடிப்பு திரும்பற இடத்துல துணியோட கனம் கொஞ்சம் தின்னுடும், அதனால கால் இன்ச்சுக்கு ஒரு நூல் உள்ளாடியே தைக்கணும். சரியா இருக்கான்னு பாக்க பாட்டி சொல்லிக்குடுத்த வழி: ஒன்றரை இன்ச் அகலத்துல மூணு பட்டி வெட்டி சேர்த்து தைச்சு அயர்ன் பண்ணி அளந்தா நடுப் பட்டி சரியா 1 இன்ச் வரணும். புது குவில்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னிக்கும் இத பண்ணாம துணிய வெட்டமாட்டேன். ஃபெதர்வெயிட் பலகையில துணி ஓரத்த ஒட்டிப் போக வைக்கிற கைடு மாட்டறதுக்கு திருகாணி ஓட்டை இருக்கு, ஒரு தடவ மாட்டி முடுக்கிட்டா போதும், கண்ண மூடிட்டு தைச்சாலும் அந்த அளவு மாறாது.

அதுக்காக அளவு பிசகினா அது குவில்ட்டே இல்லன்னு சொல்ல வரல. அலபாமால ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர், ஆத்து வளைவுக்குள்ள இருக்கற கருப்பின மக்களோட ஊர், அங்க பெண்கள் தலைமுறை தலைமுறையா கிழிஞ்ச வேலைத்துணி, ஜீன்ஸ் முழங்கால், கார்டுராய் மிச்சம்னு கிடைச்சத வச்சு கண்ணளவுல தைச்ச குவில்ட் 2002-ல இதே ஹூஸ்டன் ஃபைன் ஆர்ட்ஸ் மியூசியத்துல சுவர்ல தொங்குச்சு. அப்போ நான் இங்க இல்ல. பாத்த கில்டு அம்மாமார்கள் இன்னிக்கும் அத பத்தி பேசும்போது குரல் மாறிடும். அவங்க போட்டோ காட்டினப்போ எனக்கு எங்க அம்மாச்சி பழைய சேலைய நாலா மடிச்சு ஓட்டுத்தையல் போட்டு பிள்ளைக்கு விரிக்கிற துணிதான் ஞாபகம் வந்தது. அதுவும் குவில்ட்தான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

சரி, மெஷின்ல வந்த தொல்லை. முதல் மாசமே நூல் அறுந்துட்டே இருந்தது. காரணம் ஊசி. இதுல ஊசியோட தட்டைப் பக்கம் இடது பாத்து இருக்கணும், நூல் வலதுல இருந்து இடதுக்கு கோக்கணும், மத்த மெஷின் பழக்கத்துல மாத்தி போட்டா தையலே விழாது. ரெண்டாவது, பாபின் கேஸ, அதாவது அடி நூல் சுத்தின பாபின் உக்கார்ற கூட்ட எடுத்து மாட்டும்போது அதுல இருக்கற சின்ன கொம்பு ஊசித் தட்டுக்கு அடியில இருக்கற பள்ளத்துல போய் உக்காரணும், உக்காரலன்னா ஊசி போய் கேஸ்லயே குத்தும், டக்குனு ஒரு சத்தம், ஊசி ரெண்டா போயிடும். பாபினும் இதுக்குன்னு தனி அளவு, கண்ட பாபின் போடக்கூடாது.

பெரிய தொல்லை 2019-ல. ஒரு கடையில சர்வீஸுக்கு குடுத்தேன், அவங்க மோட்டார்ல இருக்கற ரெண்டு குழாயிலயும் ஏதோ கெட்டி கிரீஸ அடைச்சு அனுப்பிட்டாங்க. வீட்டுல போட்டு பத்து நிமிஷத்துல கருகல் வாடை. இந்த மோட்டாருக்கு கொஞ்ச சூட்டுலயே உருகற லூப்ரிகண்ட்தான் போடணும், அது உருகி திரி வழியா உள்ள போனாத்தான் மோட்டார் தண்டுக்கு ஊட்டம், கெட்டி கிரீஸ் உருகாம அங்கயே நின்னா தண்டு காஞ்சுபோய் சூடாகும். நான் அழாத குறையா கில்டுல சொன்னேன். எழுபது வயசு தாண்டின ஒரு அம்மா, பழைய மெஷின் பாக்கறதுல கைதேர்ந்தவங்க, அன்னிக்கு சாயங்காலமே அவங்க கிச்சன் டேபிள்ல பழைய டவல விரிச்சு மோட்டார கழட்டி, பட்ஸால துடைச்சு, திரிய மாத்தி, மூணு மணி நேரம் நின்னுட்டே பண்ணாங்க. காசு குடுத்தா வாங்கல, அடுத்தது நீயே பண்ணணும், பக்கத்துல நின்னு பாருன்னாங்க. இப்போ கில்டுல நாலு பேரோட மெஷினுக்கு நான்தான் எண்ணெய் விடறேன்.

ஹார்வி புயல் வெள்ளத்த எழுதாம விடமுடியாது. 2017 ஆகஸ்ட். எங்க வீட்டுல கீழ்த்தளத்துல கணுக்கால் அளவு தண்ணி, பிள்ளைகளையும் பாஸ்போர்ட்டையும் மேல ஏத்திட்டு அடுத்து தூக்கினது இந்தக் கருப்புப் பெட்டியத்தான். கில்டுல ஒருத்தங்க வீட்டுல இடுப்பளவு. முப்பது வருஷமா சேர்த்த துணி, அலமாரி அலமாரியா, சேத்துத் தண்ணில ஊறிப்போச்சு, மூணாம் நாள் போய் பாத்தா வாடை. அவங்க எல்லாத்தையும் குப்பையில போடுங்கன்னு சொல்லிட்டு வாசல்ல உக்காந்துட்டாங்க. யாரும் போடல. குப்பைப் பையில கட்டி ஆளுக்கு ரெண்டு பை வீட்டுக்கு எடுத்துட்டு போனோம், கரண்ட் இருந்த ஏழெட்டு வீட்டுல வாஷிங் மெஷின் ஒரு வாரம் நிக்காம ஓடுச்சு, சாயம் போற துணிய தனியா, வெள்ளைய தனியா, மூணு தடவ நாலு தடவ அலசி, காயவச்சு, அயர்ன் பண்ணி, நிறம் நிறமா மடிச்சு கொண்டு போய் குடுத்தோம். எனக்கு வந்த பையில ஆரஞ்சும் பச்சையும்தான் அதிகம். ஒவ்வொரு துண்டுலயும் ஓரத்துல வாங்கின வருஷமும் கடை ஊரும் சின்னதா எழுதியிருந்தது, அந்த எழுத்து அத்தனை அலசலுக்கும் போகல. அந்தத் துணிய வச்சே அடுத்த வருஷம் அவங்க எங்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன குவில்ட் தைச்சு குடுத்தாங்க.

அம்மா ஊர்ல இருந்து வந்தப்போ, நல்ல துணிய எதுக்குடி வெட்டி வெட்டி திரும்ப ஒட்டுறன்னு கேட்டுட்டே இருந்தாங்க. ஆனா மெஷின பாத்ததும் எண்ணெய் விடற ஓட்டை எது எதுன்னு கேக்காமலே தொட்டு காமிச்சாங்க, கால் மெஷின்ல நாப்பது வருஷம் தைச்ச கை. அவங்களோட பழைய சின்னாளப்பட்டி சுங்குடி சேலை ஏழ வச்சு ஒரு குவில்ட் போட்டேன். சுங்குடி மெல்லிசு, கஞ்சி போட்டு விறைப்பாக்காம வெட்டினா துண்டு கோணிக்கும். முன்னாடியே அலசியும் அரக்குச் சேலை வெள்ளையில சாயம் விட்டுடுச்சு, எனக்கு கை கால் ஓடல. கில்டுல சொன்னபடி டப்புல சூடான தண்ணி நிறைய விட்டு பாத்திரம் கழுவற லிக்விட் ஊத்தி முழுக்க அமுக்கி ராத்திரி பூரா வச்சேன், தண்ணி சிவப்பாச்சு, மாத்தி மறுபடி வச்சேன், மூணாவது தண்ணி தெளிஞ்சது, வெள்ளையும் திரும்பிடுச்சு.

குறைன்னா, ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவுல இடம் ரொம்ப கம்மி. பெரிய கட்டிலுக்கான குவில்ட்ட மூணு அடுக்கா சேர்த்து இதுல ஓட்ட முடியாது, நான் லாங் ஆர்ம், அதாவது ஊசிக்கு உள்பக்கம் இடம் நிறைய இருக்கற பெரிய குவில்ட் மெஷின் வச்சிருக்கறவங்ககிட்ட குடுத்துடுவேன், சதுர இன்ச்சுக்கு 2 சென்ட், 90-க்கு 100 இன்ச் குவில்ட்டுன்னா 180 டாலர் ஆகுது. பழைய பல்பு கை சுடும், எல்இடி மாத்திட்டேன். ரப்பர் பெல்ட் ரெண்டு தடவ மாத்தினேன், ரெண்டும் நானே.

வாங்கணும்னு நினைக்கிறவங்க போட்டோ பாத்து காசு அனுப்பாதீங்க, பெயிண்ட் அடிச்சு பளபளன்னு விக்கிறாங்க. கையோட ரெண்டு துண்டு காட்டன் துணியும் நூலும் எடுத்துட்டு போங்க, பாபின் கேஸ் அதோடதுதானான்னு பாருங்க, அது தனியா வாங்கினா விலை ஜாஸ்தி. ஒயர் வெடிச்சிருக்கான்னு பாருங்க. வீல கையால சுத்தி எங்கயும் இடிக்காம போகுதான்னு பாத்துட்டு தைச்சுப் பாருங்க. ஹூஸ்டன் பக்கம் இருந்தா வாங்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வாங்க, என்னோடதுல ஒரு மணி நேரம் உக்காந்து தைச்சுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, துணி என்கிட்ட இருக்கு.