சேலைக் கடைக்கு வெப்சைட்: இரண்டாவது தடவைதான் உருப்பட்டது

மதுரையில் கைமுடிச்சுச் சுங்குடி, அதாவது துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலை விற்கும் சின்னக் கடை எங்களுடையது. வெப்சைட் செய்துகொடுக்கும் ஆட்களிடம் இதுவரை இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை ஏமாந்தேன், இரண்டாவது தடவை ஏறக்குறைய திருப்தி. இரண்டு பேரின் பெயரையும் இங்கே இழுக்கப் போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன், இதே யோசனையில் இருக்கும் கடைக்காரர்கள் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

முதல் ஆள் 2014-இல் 18,000 ரூபாய்க்குச் செய்துகொடுத்தார். கம்ப்யூட்டரில் திறந்தால் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும், போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். அடுத்த வருஷம் ஏப்ரலிலேயே, போனுக்குப் பொருந்தாத பக்கங்களை மொபைல் தேடலில் கூகுள் பின்னுக்குத் தள்ள ஆரம்பித்துவிட்டது. சரிசெய்து தரச் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் போனையே எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, தன் பேரில், தன் மெயில் ஐடியில் பதிந்து வைத்திருந்தார். புதுப்பிக்க வேண்டிய தேதி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கடைப் பையில் அச்சடித்த முகவரி ஒரு நாள் திறக்கவே இல்லை, மிச்சமிருந்த ஆயிரம் பைக்கும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம்.

சரி, வெப்சைட்டே வேண்டாம், ஃபேஸ்புக் போதும் என்று இருந்தேன். 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் போடுவதற்குத்தான் முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்தது, கடைப் பக்கத்தில் போட்ட படங்களைப் பார்க்க ஆள் குறைந்தது. தம்பி மகன் டிக்டாக்கில் இறங்கினான். சாயம் காய்ந்த சேலையை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து புள்ளிகள் தெரியும் இல்லையா, அந்த ஒரு காட்சிக்கே கூட்டம் கூடியது. 2020 ஜூன் 29, 59 செயலிகளைத் தடை செய்தார்கள், அதோடு அதுவும் போச்சு. அடுத்த பத்து நாளில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, மறுபடி பூஜ்யத்திலிருந்து.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது 2021 அக்டோபர் 4 ராத்திரிதான். நவராத்திரிக்கு மூன்று நாள், தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம். ஒன்பது மணி வாக்கில் வாட்ஸப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் சேர்ந்து படுத்துவிட்டன, ஆறு மணி நேரம். ஆர்டர், அட்ரஸ், யார் எந்தக் கலர் கேட்டார்கள் என்பது எல்லாமே வாட்ஸப்பில். மூன்றுக்கும் ஒரே முதலாளி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்படித்தான் 2022-இல் இரண்டாவது ஆபீஸுக்குப் போனேன். இரண்டே பேர் நடத்துகிறார்கள். 32,000 ரூபாய், வருஷத்துக்கு 4,500 தனி. டொமைனை என் பேரில், என் போனுக்கு ஓடிபி வரும்படி என் எதிரிலேயே பதிந்து கொடுத்தார்கள், எனக்கு அது போதும். நான் மொபைல் ஆப்பும் வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு, "வேணாம்க்கா, சேலை வாங்க யாரு ஆப் இறக்குவா? ஆப்பிளுக்கு மட்டும் வருஷம் 99 டாலர் கட்டணும்" என்றாள். வருகிற காசை வேண்டாம் என்று சொன்ன ஆளை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

சைட் போனில் சட்டென்று திறக்கிறது. நாங்கள் கேமராவில் எடுத்துக் கொடுத்த கனமான படங்களையெல்லாம் சுருக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு சேலைக்கும் கீழே ஒரு வாட்ஸப் பட்டன், தொட்டால் அந்தச் சேலையின் நம்பரோடு மெசேஜ் வருகிறது. கைமுடிச்சு எது, பிரிண்ட் எது என்று படத்தோடு ஒரு பக்கம் வைக்கச் சொன்னேன், வைத்தார்கள், "ஏன் இவ்வளவு விலை" என்ற கேள்வி பாதியாகக் குறைந்தது. பக்கத்துக் கடை அண்ணன் கூகுளில் ஓசியில் கிடைத்த சைட்டைக் காட்டி என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார், 2024 மார்ச்சில் கூகுள் அதை மூடியது, இப்போது இவர்கள் நம்பரை என்னிடம் வாங்கிப் போயிருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. ஆறு வாரம் என்றார்கள், பதினொரு வாரம் ஆனது. தமிழை மெஷினில் போட்டு எடுத்திருக்கிறார்கள், 'ஷாப் நவ்' பட்டனில் 'இப்போது கடை' என்று இருந்தது! உட்கார்ந்து நானே திருத்தினேன். மாதம் 8,000 ரூபாய்க்கு சோஷியல் மீடியா பேக்கேஜ் ஒன்றும் விற்கிறார்கள், தயவுசெய்து எடுக்காதீர்கள். வந்ததெல்லாம் பொங்கல் வாழ்த்து, குடியரசு தின வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, மூலையில் நம் லோகோ. மூன்றே மாதத்தில் நிறுத்திவிட்டேன். தம்பி மகன் தறியையும் சாயத்தொட்டியையும் போனில் எடுத்துப் போடுவதற்கு வருகிற விசாரிப்பில் கால்வாசிகூட அதற்கு வரவில்லை. 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் சதுரக் கட்டங்களை நீளவாக்கில் மாற்றியதே, அப்போது எங்கள் பக்கத்தில் இருந்த படங்களில் பார்டர் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு நின்றது. சரிசெய்யத் தனிக் காசு கேட்டார்கள், நாங்களே ராத்திரி உட்கார்ந்து மாற்றிக்கொண்டோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பணம் கட்டும் பக்கத்தில் 'ழ' இன்னும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, நாலு தடவை சொல்லியாயிற்று, அதைச் சரிசெய்தால் நாலாக்குகிறேன்.