மாதாமாதம் பென்ஷனா, கையில் மொத்தப் பணமா?

2004 முதல் மத்திய அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு என்.பி.எஸ். (தேசிய பென்ஷன் திட்டம்: வேலைக்காலத்தில் சேரும் முதலீட்டிலிருந்து பென்ஷன்) ஒன்றுதான் இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் யு.பி.எஸ்ஸும் (ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம்: சம்பளத்தை வைத்து உறுதியான பென்ஷன்) வந்தது. எது வீட்டைத் தாங்கும்?

பொன்மலை ரயில்வே பணிமனையில் 25 வருடம் உழைத்து ஓய்வுபெறும் ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரி 60,000 ரூபாய். 25 வருடம் முடித்ததால் யு.பி.எஸ்ஸில் அதில் பாதி, மாதம் 30,000. விலைவாசிக்காகப் பென்ஷனோடு சேர்த்துத் தரும் அகவிலை நிவாரணம் 50 சதவீதம் என்று கொண்டால் 45,000. என்.பி.எஸ்ஸில் 90 லட்சம் சேர்ந்திருந்தால் 40 சதவீதத்துக்கு, அதாவது 36 லட்சத்துக்கு ஆன்யுட்டி (காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகக் கட்டி, ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் பெறும் ஏற்பாடு) வாங்கியாக வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைத்தால் மாதம் 18,000. மீதி 54 லட்சத்தையும் அதே வட்டிக்குப் போட்டால் 27,000. கூட்டினால் இதுவும் 45,000.

தாளில் சமம். வீட்டில் அப்படி இல்லை. 54 லட்சம் வந்ததும் மகள் கல்யாணம், வீட்டுக்கடன், மகனுக்கு மனை என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவர்கள் காத்திருந்ததே அதற்குத்தான். ஆனால் அதன்பின் அடுப்பெரிய மிஞ்சுவது 18,000. வழக்கமான ஆன்யுட்டி விலைவாசியோடு ஏறாது. விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 60-இல் ஓய்வுபெற்றவருக்கு 72 வயதில் அது இன்றைய 9,000-க்குத்தான் சமம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கூடுகிற வயது அது. பணத்தைத் தொடாமல் வைத்தவருக்கோ வேறு கஷ்டம்: இன்னும் எத்தனை வருடமோ என்ற பயத்தில் கண் ஆபரேஷனைக்கூடத் தள்ளிப்போடுவார்.

யு.பி.எஸ்ஸில் அகவிலை நிவாரணம் வருடத்துக்கு இருமுறை திருத்தப்படும். கணவர் காலமானால் மனைவிக்கு 60 சதவீதம் தொடரும். சொந்த வருமானம் இல்லாத மனைவி இருக்கும் வீட்டுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு விலையும் உண்டு. முழுப் பென்ஷன் வேண்டுமானால் கையில் வருவது, ஒவ்வொரு ஆறு மாதச் சேவைக்கும் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு. நம்மவருக்கு ஐந்து மாதச் சம்பளம். கல்யாணச் செலவுக்குக் காணாது. கணவன் மனைவி இருவரும் போனபின் பிள்ளைகளுக்கு எதுவும் வராது, என்.பி.எஸ்ஸில் மூலதனம் திரும்பும் ஆன்யுட்டி எடுத்திருந்தால் அந்த 36 லட்சம் வாரிசுக்கு வரும்.

35 வயதுக்குமேல் வேலை கிடைத்தவர்களுக்கு 25 வருடம் தேறாது, யு.பி.எஸ். பென்ஷன் அந்த விகிதத்தில் குறையும். 10 வருடம் முடித்திருந்தால் குறைந்தது மாதம் 10,000 உறுதி.