உப்புவெளியில் எல்.ஈ.டி. விளக்கும் மீன் கரைசலும்: நாலு வருடக் கணக்கு

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது பக்கத்து உப்புவெளியில் எங்கள் முற்றத்தில் அறுபது மிளகாய் நாற்று நின்றது. விடிய எழும்பிப் பார்த்தால் தட்டு கிணற்றடியில் கிடந்தது, நாற்றைக் காணவில்லை. அதற்கு முந்தின மாரியில் புயல் எதுவும் இல்லாமலே எல்லாம் கழுத்தழுகிச் செத்தன. எங்கள் பக்கம் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். தையில் நடுவதற்கு நாற்று வேண்டுமென்றால் அந்த மழைக்குள்தான் விதை போட வேண்டும். வெயில் முகம் காட்டாத அந்த ஆறேழு கிழமையை எப்படிக் கடத்துவது என்று யோசித்துத்தான் நாற்றை உள்ளே வைத்து வளர்க்க எல்.ஈ.டி. விளக்கு வாங்கினேன்.

"வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் லைட் போட்டு மிளகாய் வளர்க்கிறான்" என்று அம்மா வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ஊதா வெளிச்சம் தரும் மலிவு விளக்கு. பெட்டியில் 1000 வாட்ஸ் என்று பெரிய எழுத்து. பிளக்கில் செருகி அளக்கும் சின்ன மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 78 வாட்ஸ். ஏமாந்த கோபத்தைவிட, ஆயிரம் வாட்ஸ் இழுத்திருந்தால் பில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து வந்த ஆறுதல்தான் பெரிது. விளக்கு எதை வாங்கினாலும் அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டாம், அது சுவரிலிருந்து எத்தனை வாட்ஸ் இழுக்கிறது என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

அந்த ஊதா வெளிச்சம் யன்னல் இடுக்கால் ஒழுங்கைக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணா, உள்ளுக்குள்ள என்ன வளக்குறீங்க, கஞ்சாவோ?" என்றான். அவனில் பிழை இல்லை. இந்த மாதிரி விளக்குகளில் பல அந்தச் செடியை மனதில் வைத்தே செய்யப்படுபவை. என் விளக்கிலேயே 'வெஜ்' (இலை வளர), 'புளூம்' (பூக்க) என்று இரண்டு சுவிட்ச் இருந்தது. கஞ்சா, இரவு நீண்டால் பூக்கும் செடி. வளரும் காலத்தில் பதினெட்டு மணி நேர வெளிச்சம், பூக்க வைக்கப் பன்னிரண்டு என்று வெளிநாட்டுக்காரர் எழுதுவதெல்லாம் அதற்கான கணக்கு. இங்கே இலங்கையில் 1929ஆம் ஆண்டு நச்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். பெடியனைக் கூப்பிட்டு மிளகாய் நாற்றைக் காட்டினேன். அவனுக்கு ஏமாற்றம். மிளகாய்க்கு இரவு பகல் நீளம் ஒரு பொருட்டே இல்லை. நான் இரண்டு சுவிட்சையும் ஒன்றாகப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

ஊதாவில் இன்னொரு தொல்லை, கண்ணுக்கு எதுவும் தெரியாது. இலை மஞ்சளா பச்சையா, அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா இல்லையா, எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டும் போதும் என்பது பழைய கணக்கு, ஊதா அதில் வந்ததுதான். வெள்ளை எல்.ஈ.டி. என்பது அடியில் நீலச் சில்லு, மேலே மஞ்சள் பூச்சு. அந்த நீலச் சில்லைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014இல் மூன்று பேருக்குப் பௌதிக நோபல் பரிசு கொடுத்தார்கள். அதன் வெளிச்சத்தில் செடியும் வளரும், மனிதனும் பூச்சியைப் பார்க்கலாம். எட்டாம் மாதம் ஊதா விளக்கின் காற்றாடி துருப்பிடித்து நின்றது. உப்புவெளி என்று பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நானூறு மீற்றர், கதவுப் பூட்டே வருடத்துக்கு ஒன்று போகும் இடம்.

இரண்டாவது விளக்கைக் கட்டாரில் இருந்து வந்த மச்சான் சூட்கேசுக்குள் உடுப்பில் சுற்றிக் கொண்டுவந்தான். காற்றாடி இல்லாத அலுமினியத் தட்டு, வெள்ளைச் சில்லுகள், நடுவே கொஞ்சம் ஆழ்ந்த சிவப்பு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். 100 வாட்ஸ் என்று போட்டு 98 இழுக்கிறது. இதுவரை ஒரே ஒரு தடவை செத்தது. மின்சாரம் கொடுக்கும் பெட்டிக்குள் பல்லி புகுந்து தானும் போய் அதையும் கொண்டு போனது. ரேடியோ திருத்துபவரிடம் வேறு பெட்டி மாற்றி, ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்தேன். கடற்கரை ஊர்க்காரர் காற்றாடி வைத்த விளக்குப் பக்கம் போகவே வேண்டாம்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். 98 வாட்ஸை ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரித்தால் மாதம் ஏறத்தாழ 41 அலகு. எங்கள் வீட்டுப் பாவனை 84. இரண்டையும் கூட்டினால் 125. 90இலும் 120இலும் கட்டணப் படி மாறுவதால் விளக்கின் 41 அலகில் பெரும்பங்கு, வீட்டின் மற்ற அலகுகளைவிட விலை கூடிய அலகுகள். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது அது உறைத்தது. குமிழைத் திருகி அறுபது வீதத்துக்கு இறக்கினேன், மாதம் 25 அலகுக்குள் வந்தது. நாற்றில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. முதல் இரண்டு வருடம் தேவையில்லாமல் எரித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது ஞாபகம் இருக்கும். எனக்கு அதில் தனியாக ஒரு கூத்து. சுழலும் பல் வைத்த பழைய டைமர்தான் வைத்திருந்தேன். கரண்ட் போனால் அதுவும் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒரு கிழமையில் டைமருக்குப் பகல் எது இரவு எது என்று தெரியாமல் போய், மாலை ஏழு மணிக்கு 'விடிந்து' எங்கள் சாப்பாட்டு நேரம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. இப்போது உள்ளுக்கு பட்டரி வைத்த டைமர். இரவு 10.30க்குப் பற்றி மறுநாள் பகல் 12.30க்கு அணையும். அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழ் உள்ள ஸ்டோர் ரூம், கச்சான் காற்று அடிக்கும் ஆடி ஆவணியில் பின்னேரம் 36 பாகை தொடும். அந்த நேரம் விளக்கும் எரிந்தால் நாற்று வெந்துவிடும்.

சரி, உரம். நான் இயற்கை உரத்துக்குப் போனது கொள்கைக்காக இல்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தது, கடையில் ஒரு கரண்டி உரம் கிடைக்கவில்லை. நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் எனக்கு வாளியும் மணமும் பழகிவிட்டன.

மீன் ஊரில் மீன் கரைசல் செய்வது சுலபம். சூரை வெட்டும் இடத்தில் செவிளும் குடலும் சும்மா தருவார்கள். அதே எடைக்குச் சர்க்கரை போட்டுப் பிசைந்து மூன்று நாலு கிழமை வைத்தால் தேன் நிறத்தில் ஒரு கரைசல் இறங்கும். சர்க்கரை விலை ஏறியபோது நான் சிவப்புச் சீனிக்கு மாறினேன். முதல் தடவை ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கலனில் கட்டி, மணம் வரக்கூடாது என்று மூடியை நன்றாக இறுக்கி, செடி அறையிலேயே வைத்தேன். நாலாம் நாள் நடுச்சாமம் இரண்டு மணிக்கு டமார். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்க்க முடிந்தது: கூரையிலிருந்து ஒரு குடல் தொங்குகிறது, நாற்றுத் தட்டு முழுக்கச் செதில், ஒழுங்கைப் பூனைகள் யன்னல் கம்பியில் வரிசையாக. மனைவி வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா, இது வீடா மீன் வாடியா?" என்றாள். இப்போது வாய்க்குத் துணி கட்டிய வாளி, கிணற்றடிக்கு அப்பால், மேலே ஒரு கல்.

அளவில்தான் பெரிய பிழை விட்டேன். நாற்று மஞ்சளாக நின்றதால் ஒரு லீற்றருக்குப் பத்து மில்லி ஊற்றினேன். இன்னும் மஞ்சளானது. இன்னும் ஊற்றினேன். நாற்றுத் தட்டில் மண்ணுக்குப் பதிலாகப் போட்ட தும்புச்சோற்றின் (தேங்காய் மட்டைத் தூள்) மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து, பிறகு கொசுவைப் போலக் கறுப்புப் பூச்சிகள் தட்டைத் தொட்டால் புஸ்ஸென்று எழும்பத் தொடங்கின. விசயம் இதுதான்: மீன் கரைசலில் உள்ள நைதரசனில் பெரும்பங்கைச் செடி அப்படியே குடிக்காது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுக்க வேண்டும். தோட்டத்து மண்ணில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். பைக்கற்றிலிருந்து பிரித்த தும்புச்சோற்றில் இருப்பது கொஞ்சம்தான். சமைக்க ஆளில்லாத குசினியில் மூட்டை மூட்டையாக அரிசி இறக்கியிருக்கிறேன். இப்போது தும்புச்சோற்றோடு மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து ஒரு கிழமை ஈரமாக வைத்துவிட்டுத்தான் விதை போடுவேன். மீன் கரைசல் லீற்றருக்கு ஒரு மில்லி, மூன்றாவது இலை வந்த பிறகு, கிழமைக்கு ஒரு தடவை. பூச்சிக்கு, கழுவிய ஆற்று மணலை மேலே அரை விரல் தடிப்பில் பரப்பி, மஞ்சள் பிளாஸ்டிக் துண்டில் கிறீஸ் தடவி நட்டு வைத்தேன். அந்தப் பூச்சியின் புழு வேர் தின்பது நின்றது. வேலிக்கு நடும் கிளிசிறிடியா மரத்தின் இலையை ஊறவைத்த தண்ணீரும் பாவிக்கிறேன், அதன் நாற்றம் மீனைவிட மோசம், அறைக்குள் கொண்டு போக வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தும்புச்சோற்றில் உப்பு இருக்கும், கழுவ வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் ஆறு தடவை கழுவினேன், எங்கள் கிணற்றுத் தண்ணீரால். இலை ஓரம் பீடி நுனி மாதிரிக் கருகி வந்தது, தட்டின் விளிம்பில் வெள்ளைப் படை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. தண்ணீரில் கரைந்ததை அளக்கும் பேனா ஒன்று வாங்கினேன்: லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் கிணறு 1,100, கந்தளாய்ப் பக்கமிருந்து வரும் குழாய்த் தண்ணீர் 150, மழைத் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றுமில்லை. தோட்டத்தில் மாரி மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும். அறைக்குள் அதற்கு வழி இல்லை, ஊற்றும் உப்பெல்லாம் அங்கேயே குந்தியிருக்கும். இப்போது மழை பீப்பாய், அது முடிந்தால் வாளியில் ஒரு இரவு திறந்து வைத்த குழாய்த் தண்ணீர். இந்தப் பேனாவை விளக்குக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் வருடம் நாற்று அவ்வளவு அழகாக வந்தது, எம்.ஐ. கிறீன் என்ற மிளகாய் இனம், நாற்பத்திரண்டு செடி, கரும்பச்சை, குட்டைக் கணு. பிந்திப் போட்டதால் சித்திரையில்தான் நடத் தயாரானது. காலையில் எடுத்துக்கொண்டு போய் நேரே பாத்தியில் நட்டேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் இலைகள் வெள்ளைக் கடுதாசி. வாடவில்லை, வெளிறிப் போயிருந்தன, விரலால் தொட்டால் நொறுங்கின. கைத்தொலைபேசிச் செயலியில் என் விளக்கின் அடியில் 28,000 லக்ஸ் காட்டும். உச்சி வெயில் ஒரு லட்சத்துக்கு மேல். வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளையைச் சித்திரை வெயிலில் சட்டை இல்லாமல் நிறுத்தியது போல. நாற்பத்திரண்டில் பிழைத்தது ஐந்து. அதற்குப் பிறகு பத்து நாள் பழக்கம்: முதல் மூன்று நாள் மாமர நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், இரண்டு, நாலு. இதைச் செய்ய நேரம் இல்லாதவர்கள் விளக்கு வாங்க வேண்டாம்.

மற்றப் பயிர்கள் சுருக்கமாக. கொத்தமல்லி மார்கழி தையில் விளக்கின் கீழ் அருமை, வைகாசிக்குப் பிறகு சூட்டில் ஓடிப் பூத்துவிடும். சலாதுக் கீரையும் அதே கதை, கசக்கும். புதினாவுக்கு விளக்கே வேண்டாம், யன்னலடி போதும். தக்காளியைக் காய்க்கும் வரை உள்ளே வைத்துப் பார்த்தேன், மூன்று மாதக் கரண்டுக்குப் பதினொரு பழம். மிளகாயையும் காய்க்கும் வரை உள்ளே வளர்க்கலாம், சந்தையில் வாங்கும் மிளகாயைவிட மூன்று மடங்கு செலவழிக்க விருப்பம் இருந்தால்.

ஆகவே திரும்ப வாங்குவேனா என்று கேட்டால், வெள்ளை விளக்கு ஒன்று, ஆம், புரட்டாதியிலிருந்து தை வரைக்கும் மட்டும். இனி மற்ற மாதங்களில் அது சாக்குக்குள் சுற்றி அலுமாரியின் மேல் கிடக்கும். ஊதா விளக்கு, இல்லை. மீன் கரைசல், தோட்டத்துக்குக் கட்டாயம், அறைக்குத் துளித் துளியாக.

இந்த வருடம் கார்த்திகை இரண்டாம் கிழமை எழுபத்திரண்டு குழித் தட்டில் விதை போட்டேன், அறுபத்தாறு முளைத்திருக்கிறது. அம்மா நேற்று அறைக்குள் வந்து, வெளிச்சத்துக்குக் கீழ் கையை நீட்டிச் சூடு பார்த்துவிட்டு, "தம்பி, இதில பத்து நாற்று மாமி வீட்டுக்கு எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.