தேயிலை பாக்கிக்கு எங்கே வழக்கு: ஊட்டியா, சென்னையா, சிங்கப்பூரா, லண்டனா?

குன்னூரில் பாட் லீஃப் ஃபேக்டரி (விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலை தயாரிக்கும் ஆலை) நடத்தும் ஒருவர் போன மாதம் ஒரு ஒப்பந்தத்தோடு வந்தார். நான்கு பக்கம். விலை, கிரேடு, ஷிப்மென்ட் தேதி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. அதற்கு மட்டும் டிக் இல்லை. தகராறு வந்தால் லண்டனில் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தனி நடுவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது), மூன்று நடுவர்கள், இங்கிலாந்துச் சட்டம். சரக்கின் மதிப்பு 30 லட்சம் ரூபாய். வாங்குபவர் துபாய்க்காரர்.

"இது எப்பவும் இருக்கறதுதானே சார்?" என்றார்.

இருக்கிறதுதான். ஆனால் பாக்கி நின்றுபோனால் அந்த இரண்டு வரிதான் பேசும். வெளிநாட்டு வியாபார வழக்குகளையே பார்த்து வரும் வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன்: கேஸில் ஜெயிப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. எதிர்தரப்பின் சொத்தும் வங்கிக் கணக்கும் எந்த நாட்டில் இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். எங்கே வழக்கு என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊட்டி மாவட்ட நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது, வக்கீல் தெரிந்தவர், செலவும் தாங்கும். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 30 லட்சத்துக்கு 90,000 ரூபாய். ஆனால் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால், அவசர உத்தரவு எதுவும் கேட்காதபட்சத்தில், முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். இது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. துபாயில் இருப்பவர் அதற்கு வரப்போவதில்லை. அப்புறம் சம்மன் வெளிநாடு போய்ச் சேர மாதக்கணக்கு, அப்புறம் வாய்தா.

டிக்ரி, அதாவது நம் பக்கம் நீதிமன்றத் தீர்ப்பாணை, கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 1999-இல் போட்ட உடன்படிக்கை இருப்பதால் அதை அங்கே கொண்டுபோக வழி உண்டு. பிரிட்டனிலும் வழி உண்டு. ஜெர்மனியோடும் அமெரிக்காவோடும் அப்படி ஓர் ஏற்பாடு நமக்கு இல்லை. ஹாம்பர்க் வியாபாரியின் மீது ஊட்டியில் டிக்ரி வாங்கினால், அவர் ஊரில் போய் மறுபடி முதலிலிருந்து போராட வேண்டியிருக்கும்.

ஆர்பிட்ரேஷன் இங்கேதான் முந்துகிறது. 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா 1960-லேயே சேர்ந்துவிட்டது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. துபாய், ஜெர்மனி, அமெரிக்கா, ரஷ்யா, நம் தேயிலை போகும் ஊர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். நடுவர் தந்த தீர்ப்பை அங்கே நேராக நிறைவேற்றக் கேட்கலாம். மறுக்கச் சில காரணங்கள்தான் உண்டு. வழக்கை மறுபடி விசாரிக்க முடியாது.

சரி, ஆர்பிட்ரேஷன் எங்கே? இங்கே ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும்: 'சீட்'. நாற்காலி போட்டு உட்காரும் ஊர் எது என்பதல்ல அதற்கு அர்த்தம். நடுவர் தீர்ப்பை எதிர்த்து எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதே அதற்கு அர்த்தம். சீட் சிங்கப்பூர் என்று எழுதிவிட்டு, குன்னூரில் உட்கார்ந்தபடியே வீடியோவில் வாதாடலாம். 'சென்னையிலோ லண்டனிலோ' என்று இரண்டையும் எழுதி வைத்த ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். சீட் எது என்று சண்டை போடவே ஒரு வருடம் போய்விடும்.

சென்னை சீட்டின் பெரிய பலம் செலவு. 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் நடுவர் கட்டணத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 30 லட்சம் தகராறுக்கு 1,27,500 ரூபாய். ஒரே நடுவர் என்றால் கூடுதலாக 25 சதவீதம். சர்வதேச வழக்குக்கு அந்த அட்டவணை தானாகப் பொருந்தாது. அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். இன்னொன்று: வெளிநாட்டுத் தரப்பு இருந்து, நடுவர் யார் என்பதில் ஒத்துப்போகவில்லை என்றால், நியமனத்துக்கு டெல்லியில் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆர்பிட்ரேஷன் மையம் மாதிரி ஓர் அமைப்பின் பெயரை எழுதிவிட்டால் அந்த அலைச்சல் பெரும்பாலும் இல்லை.

பலவீனமும் உண்டு, மறைக்க மாட்டேன். தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம், நீதிமன்றம் மனம் வைத்தால் இன்னும் 30 நாள், அவ்வளவுதான் அவகாசம். ஆனால் போட்ட மனு முடிய வருடங்கள் ஆகலாம். அதன்மேல் அப்பீலும் வரும்.

சிங்கப்பூர் இதில்தான் மேல். 1991 முதல் இயங்கும் அங்குள்ள சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையத்தின் விதிகள் 2025 ஜனவரியில் புதிதாயின. 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரையுள்ள தகராறுக்கு ஒரே நடுவர். அவர் பொறுப்பேற்ற மூன்று மாதத்தில் தீர்ப்பு. நேர்முக விசாரணை பொதுவாக இல்லை, கோப்பைப் பார்த்தே முடிவு. ஒரு கோடி ரூபாய் வரை தகராறு என்றால் நான் சென்னை என்பேன். அதற்கு மேல் என்றால் சிங்கப்பூர்.

இந்த மூன்று மாதம் தேயிலைக்கு ஏன் முக்கியம் என்று ஒரு முறை கண்ணெதிரே பார்த்தேன். குளிர்காலத்துப் பனித் தேயிலை, தரம் குறைவு என்று தகராறு. அனுப்புவதற்கு முன் எடுத்து அரக்கு வைத்த சாம்பிள் டின்னை இரண்டு வருடம் கழித்து மேஜைமேல் திறந்தோம். மலர் வாசம் வர வேண்டிய இலையில் தகர வாசம்தான் வந்தது. தேயிலை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எந்த டேஸ்டர் வந்தாலும் அதைக் குடித்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்களுடைய முதல் சாட்சியே அதுதான். அன்றிலிருந்து, சரக்கு இறங்கிய 14 நாளுக்குள் தரக்குறையைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஷரத்து இல்லாமல் நான் எந்தத் தேயிலை ஒப்பந்தத்தையும் விடுவதில்லை.

லண்டன் நல்ல ஊர், நடுவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அங்கே பெயர்பெற்ற மையத்தில் நடுவருக்கு மணிக்கணக்கில் பவுண்டில் கட்டணம். மூன்று பேர் என்றால் மூன்று மடங்கு. தோற்றால் பொதுவாக எதிர்தரப்பின் செலவும் நம் தலையில். 30 லட்சத்தை வசூலிக்க அதைவிட அதிகமாகச் செலவாகலாம். வாங்குபவருக்கும் அது தெரியும். அதனாலேயே பாக்கியை இழுத்தடிப்பவர்கள் உண்டு.

சமரசத்தை எப்போது வேண்டுமானாலும் முயலலாம், ஷரத்து தேவையில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நாம் விற்பவராக இருக்கும்போது. ஃபேக்டரிக்கு வெளிநாட்டிலிருந்து கலர் சார்ட்டர் (தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும்) மெஷின் வாங்கும்போது கணக்கு மாறும். மீதித் தொகையைக் கேட்டு வழக்குப் போடப்போவது விற்பவர். நம் சொத்து இருப்பது இங்கே. அப்போது எவ்வளவு பெரிய தொகையானாலும் சென்னை சீட்டுக்குத்தான் பிடிவாதம் பிடிப்பேன்.

குன்னூர்க்காரரின் ஒப்பந்தத்தில் லண்டனை அடித்துவிட்டு, சென்னை, ஒரே நடுவர், வீடியோ விசாரணை என்று எழுதி அனுப்பினோம். துபாய்க்காரர் மறுநாளே ஒப்புக்கொண்டார், இங்கிலாந்துச் சட்டம் மட்டும் இருக்கட்டும் என்றார். நம் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமே இங்கிலாந்தின் 1893 சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். இருக்கட்டும் என்று பதில் போட்டேன்.